தண்டபாணியின் புதினா போதை

தண்டபாணி குடியை விட்டு மூன்று வாரம் ஆகிறது. விஷயம் பொண்டாட்டி முத்தம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலை.

குடிப்பதை மறைக்கிற புருஷன்மார் ஊரெல்லாம் உண்டு. நிறுத்தினதை மறைக்கிறவர் திருவொற்றியூரில் இவர் ஒருத்தர்தான். காரணம் இருக்கிறது. ஹார்பரில் ஆறு நாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. முத்தம்மாவுக்கோ ஞாயிறுதான் வியாபாரம். மார்க்கெட்டில் அவளுடைய மீன் கடைக் கூட்டம் தெருவரைக்கும் நிற்கும். வெட்டிக் கொடுக்க ஆள் கிடைக்காது. புருஷனைக் கூப்பிடலாம் என்றால், அவர் சனிக்கிழமை வாங்கி வைத்ததைக் காலையிலேயே ஏற்றிக்கொண்டு படுத்திருப்பார். குடிகாரன் கையில் அருவாமனையைக் கொடுத்தால் செதிலோடு விரலும் போகும் என்று அவளும் விட்டுவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக அந்தப் புண்ணியத்தில்தான் அவர் ஃபேனுக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கினார்.

நடுவில் ஒரு டாக்டர் வந்து கெடுத்தார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் ஈரல் மிஞ்சாது என்றார். தண்டபாணி நிஜமாகவே பயந்துபோனார். அன்றோடு குடியை விட்டார். ஞாயிற்றுக்கிழமையை விடத்தான் மனசு வரவில்லை.

போனில் ஒரு வீடியோ அகப்பட்டது. மாக்டெயிலாம். பார்க்க காக்டெயில் மாதிரியே இருக்குமாம், சரக்கு மட்டும் இருக்காதாம். ஞாயிறு விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போனார். கைநிறையப் புதினா, நாலு துளசி, ஒரு கற்பூரவல்லி இலை, ஒரு துண்டு இஞ்சி. எல்லாவற்றையும் மத்தால் நசுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சோடா ஊற்றினார். பச்சையாக வந்தது. பச்சைக் கலரில் பிராந்தி கிடையாதே! நன்னாரி சர்பத் ரெண்டு மூடி விட்டதும் கலர் சரியாயிற்று. ஒரு வாய் குடித்தார். அடிவயிறு வரை ஜிலுஜிலுவென்று இறங்கியது. இத்தனை வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எதற்கு அந்தக் கண்றாவியைக் குடித்தோம் என்று வெட்கமாகப் போயிற்று. மிச்சத்தைக் குவார்ட்டர் பாட்டிலில் அடைத்துக்கொண்டு, படியில் தள்ளாடி இறங்கினார்.

மூன்று ஞாயிறு இப்படி ஓடியது. நிஜமாகக் குடித்த காலத்தில்கூட அவர் அவ்வளவு அழகாகத் தள்ளாடினதில்லை.

நாலாவது ஞாயிறு, கடைக்குக் கிளம்பின முத்தம்மா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். போதையில் இருக்கும்போதுதான் உனக்குத் தங்கமான மனசு என்றாள். ஒரே ஒரு சத்தியம் வேண்டும் என்றாள். அடுத்த ஞாயிறிலிருந்து கடைக்கு வந்து மீன் வெட்ட வேண்டும்.

தண்டபாணிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. போதையில் பண்ணின சத்தியம் தெளிந்தால் செல்லாது என்பது ஊரறிந்த சட்டம். மறுத்தால்தான் சந்தேகம் வரும்.

"மீனு இன்னாமே, திமிங்கலமே வெட்றேன்" என்று குழறிக்கொண்டு தலையணையில் அடித்தார். முத்தம்மா அந்தக் கையைப் பொறுமையாக எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, அவர் மாடிப்படி ஏறுவதற்குள் அவள் வழியை மறித்தாள். சத்தியத்தை ஞாபகப்படுத்தினாள்.

"போதைல இன்னா சொன்னேனோ, ஒண்ணும் நெனப்புல இல்லமே."

"போதைல சொன்னாதான்யா செல்லாது. புதினால சொன்னது செல்லும்."

தண்டபாணி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளாகத் தெரியும் என்று மெதுவாகக் கேட்டார். முதல் ஞாயிறே தெரியும் என்றாள். பிரியாணி அண்டா மாதிரி மணக்கிறவனைக் குடிகாரன் என்று நம்ப, காலமெல்லாம் மீனை மோந்து பார்த்து வாங்குகிற தனக்கென்ன மூக்கடைப்பா என்றாள்.

"அன்னிக்கே கேட்டுருக்கலாமே."

"கேட்டா சத்தியம் பண்ணிருப்பியா?"

அந்த முதல் ஞாயிறு அடுப்படியில் நின்று சந்தோஷத்தில் அழுதேன் என்றாள். தண்டபாணியும் ஸ்கேன், டாக்டர், ஈரல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். இனிமேல் தள்ளாட வேண்டாம், ஒளிக்க வேண்டாம். அப்பாடா என்று இருந்தது.

"சொல்லிட்டேன்மே. இப்பதான் மனசு லேசாக் கீது."

முத்தம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப கனம் தூக்கலாம். ஐஸ் பொட்டிய எடுய்யா."