பாதிவிலையும் வானத்துத் தேளும்

இன்றைக்கு அந்தத் தேளை ஒரு கை பார்த்துவிடுவது என்று பாதிவிலை முடிவு கட்டினார்.

பாதிவிலை என்ற பட்டப்பெயர்தான் தொழிலில் அவர் சம்பாதித்த முதல் சொத்து. பழைய மரச்சாமான் வாங்கி விற்கிற கடை. யார் என்ன விலை சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருகிற வார்த்தை அதுதான். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடமே, "பல்லு பாதிதானே ஆடுது, பாதி விலை போட்டுக்கங்க" என்று மல்லுக்கு நின்றவர்.

தேள் இருந்தது வானத்தில், நட்சத்திரக் கூட்டமாக. கோடை பிறந்ததிலிருந்து தினமும் இதே கதை. சாப்பாடு முடிந்ததும் அவர் மனைவி இரண்டு தட்டுகளைக் கழுவிக் கவிழ்ப்பாள். பாயைச் சுருட்டி இடுக்கிக்கொள்வாள். "தேள் பாக்கப் போறேங்க" என்பாள். மொட்டைமாடிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அப்புறம் கீழே சத்தம் என்று ஒன்றே இருக்காது.

கடையில் விலைபோகாத நாற்காலிகளெல்லாம் வீட்டுக் கூடத்தில்தான் அடைக்கலம். பாதிவிலை ஒவ்வொன்றாக மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். எதில் உட்கார்ந்தாலும் எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. எதிரே ஆள் இல்லாமல் கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும்.

முன்பெல்லாம் அந்த எதிர் நாற்காலியில் மகள் இருப்பாள். சண்டைக்கு அவளை மாதிரி ஜோடி கிடையாது. போன மழைக்காலத்தில் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். வாடகைக்கு ஆசை ஆசையாய் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். அப்பா போனார். வீட்டுக்காரரிடம் குழாயில் குற்றம், ஜன்னலில் குற்றம், ஜன்னல் வழியே வந்த காற்றிலும் குற்றம் என்று அடுக்கி, பாதி வாடகையில் வந்து நின்றார். வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். வீடு போயிற்று.

"எதைக் கண்டாலும் குறைக்கணும் உங்களுக்கு. மனுஷங்களையும் சேத்துக் குறைச்சிட்டீங்கப்பா" என்றாள் மகள்.

"நீயாப் பேசற வரைக்கும் நான் பேச மாட்டேன்."

"நீங்களாப் பேசற வரைக்கும் நானும் பேச மாட்டேன்."

வியாபாரத்தில் அவர் அடிபட்டுக் கற்றவை இரண்டு. ஒன்று, முதலில் வாயைத் திறப்பவன் தோற்றான். அடுத்தது, வேண்டிய பொருளைத் திரும்பியும் பார்க்காதே. மேஜை வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் பீரோவை விசாரி. மகளுக்கும் இந்த இரண்டையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதுதான் வினை. மழை போய், பனி போய், கோடையும் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் மனைவி மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்றாள்.

"உங்க மக இருக்கிற ஊர்லயும் இதே தேள்தான் தெரியுதாம்."

"தெரிஞ்சா எனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலை. அவ தனியா மாடியில நிப்பா. அதான் சொன்னேன்."

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். தனியா என்ற வார்த்தை மட்டும் பாதிப் படியிலேயே நின்றுவிட்டது. அது இறங்கவும் இல்லை, இவரைத் தூங்கவிடவும் இல்லை. புது ஊர். இருட்டு மாடி. கைப்பிடிச் சுவர் உயரமோ, குட்டையோ? வாய்விட்டுக் கேட்டால் தோல்வி.

அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. மகள்தான் மேஜை, தேள்தான் பீரோ. தேளை விசாரிப்பது போல மாடிக்குப் போனால், பேச்சுவாக்கில் மகள் சமாச்சாரம் தானாக வந்து விழாதா?

பீரோவை விசாரிப்பதற்கும் கொஞ்சம் மரம் தெரிந்திருக்க வேண்டும். தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு நட்சத்திரப் பைத்தியம் உண்டு. சாயங்காலம் அவரிடம் போனார்.

"இந்தத் தேள்ங்கிறாங்களே, அதுல எத்தனை நட்சத்திரம்?"

"பதினைஞ்சு வச்சுக்கலாம்."

"ஏழுல முடியாதா?"

"முடியாதுங்க. அது வானம்."

"சரி, எட்டு."

"தலைக்கு மூணு, வரிசையா. நெஞ்சுக்கு ஒரு சிவப்பு. அங்கேருந்து உடம்பு வளைஞ்சு கீழ போகும். வால் நுனியில கொடுக்கு. தென்கிழக்கே பாருங்க. ஆமா, உங்க வீட்டம்மா கண்ணாடி ரெடியாகி எப்பவோ வந்தாச்சு. வாங்கவே ஆள் வரலியே?"

பாதிவிலையின் காதில் அது ஏறவில்லை. தலைக்கு மூணு, நெஞ்சுக்கு ஒண்ணு என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

சாப்பிட்டதும், கூடத்திலிருந்த நாற்காலிகளில் கனமானதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். மனைவி பாயில் மல்லாந்து கிடந்தாள். தலைமாட்டில் தலையணை. இன்னொரு தலையணை சும்மா பக்கத்தில்.

"எங்க வந்தீங்க?"

"ஏன், வானம் உன் பேருக்கு எழுதியிருக்கா?" நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதோ பாரு, நெஞ்சு! சிவப்பு! என்னமா மின்னுது!"

"அது செல்போன் கோபுரத்து விளக்குங்க."

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

"இன்னும் கொஞ்சம் மேல போங்க. அணைஞ்சு அணைஞ்சு எரியாது. கங்கு மாதிரி நிக்கும்."

தேடினார். கழுத்து வலித்தது. சட்டென்று அகப்பட்டது. முதலில் சிவப்பு, பிறகு தலையின் மூன்று, பிறகு வளைவு. இத்தனை வருஷமாகக் கடைச் சாவியோடு அதன் அடியில்தான் நடந்து வீடு வந்திருக்கிறார். ஒரு நாளும் தலையை நிமிர்த்தியதில்லை. மேலே எதையும் யாரும் விற்கவில்லையே என்ற அலட்சியம்தான்.

"அந்த ஊர்ல மேகம் கீகம் மறைக்குமா?"

"எந்த ஊர்ல?"

"பொதுவா, ஊர்கள்ல."

"ஊர்கள்ல மேகம் வரும், போகும்."

"பொதுவா அங்கெல்லாம் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் உயரமா வைப்பாங்களா?"

"தேளுக்கு எதுக்குங்க கைப்பிடிச் சுவர்?"

பாதிவிலை அவசரமாகத் தேளிடமே திரும்பினார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி யாருமில்லை.

"அந்தச் சிவப்பு மட்டும் தனியா நிக்குதே" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"தனியா இல்லீங்க. நல்லாப் பாருங்க. ரெண்டு பக்கமும் மங்கலா ஒவ்வொண்ணு இருக்கும்."

பார்த்தார். இருந்தது.

"மங்கினது ரெண்டும் அதுகூடப் பேசாதா?"

"ஒண்ணு பேசுது. இன்னொண்ணு, நடுவுல இருக்கிறதுதான் முதல்ல வாயத் திறக்கணும்னு உக்காந்திருக்கு."

கோபம் வர வேண்டிய இடம். வழக்கமாக வரும் நேரமும்கூட. வரவில்லை.

"அந்த வீட்டுக்காரன்கிட்ட நான் அவ்வளவு பேசியிருக்கக் கூடாது" என்றார் தேளைப் பார்த்து. "என் கூடத்துல அத்தனை நாற்காலி கிடக்கு. அவ உக்காந்து சண்டை போட்ட நாற்காலிய மட்டும் இன்னும் விக்கல. முழு விலைக்கே கேட்டான் ஒருத்தன். தரல. இதை அவகிட்டச் சொல்லித் தொலைச்சிடாதே."

"நான் எதுக்குங்க சொல்றேன்?" என்றாள் மனைவி.

சும்மா கிடந்த தலையணை மூக்கை உறிஞ்சியது.

பாதிவிலை திடுக்கிட்டு எழுந்தார்.

"அப்பா" என்றது தலையணை. "கொடுக்கு தண்ணித் தொட்டிக்குப் பின்னால மறைஞ்சிருக்கும். நாற்காலிய இந்தப் பக்கம் இழுத்துப் போடுங்க. இங்க கைப்பிடிச் சுவர் என் தோள் உயரம் இருக்குப்பா."

மனைவி தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "முதல்ல பேசினது நீங்கதான். பேரம் முடிஞ்சுது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். கொடுக்கு தெரிந்தது. அதைப் பற்றியே தகப்பனும் மகளும் ரொம்ப நேரம் சண்டை போட்டார்கள். போன் அணைந்ததும் மாடி முன்னிலும் இருட்டாக இருந்தது. அந்த ஊர் மாடியில் அவள் இப்போது தனியாகத்தான் படி இறங்கிக்கொண்டிருப்பாள்.

"நீ பலே ஆளுடி" என்றார் மெதுவாக. "என்னை இங்க வரவழைக்கத்தான் கோடை பூராத் தேள் பாத்தியா?"

"எங்க பாத்தேன்? எல்லாம் அவ போன்ல சொன்னது" என்றாள் மனைவி, பாயைச் சுருட்டிக்கொண்டே. "நாளைக்கு வரும்போது என் கண்ணாடிய வாங்கிட்டு வாங்க. அந்தத் தேள் எப்படித்தான் இருக்குன்னு நானும் ஒரு நாள் பாக்கணும்."