நெருக்கப் பயிற்சி முகாம்

மனித குலம் அருகிப்போகாமல் இருக்க உலகத்தில் யார் யாரோ கூட்டம் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பாரத்தைத் தன் தோளில் முழுசாகத் தூக்கிக்கொண்ட நிர்வாகம், கீழ் கோத்தகிரிச் சரிவில் இருக்கும் எங்கள் எஸ்டேட் நிர்வாகம் ஒன்றுதான்.

விஷயம் பிள்ளைக் காப்பகத்தில் தொடங்கியது. இலை பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. ஆயா, காத்தாயி. ஜூன் மாதம் கடைசிப் பிள்ளையும் பள்ளிக்கூட வேன் ஏறிவிட்டது. அதிலிருந்து அவள் வெறும் தொட்டில்களைத் துவைத்துக் காயப்போட்டு, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்குள் ஒரு 'நல்ல சேதி'யாவது வராவிட்டால் காப்பகத்தை மூடி, டூரிஸ்டுகள் டீ ருசி பார்க்கும் அறையாக்கிவிடுவதாக மேனேஜர் துரை சொல்லிவிட்டார். மூடினால் காத்தாயி மறுபடி கூடை மாட்டிக்கொண்டு மேடு ஏற வேண்டும். அவள் முழங்கால் அந்த வேலையை எப்போதோ ராஜினாமா செய்துவிட்டது.

வெல்ஃபேர் ஆபீசர் பாலசுப்பிரமணியம் உடனே கூட்டம் கூட்டினார். கோயமுத்தூரில் பெரிய படிப்புப் படித்தவர்.

"இளைய தலைமுறையிடம் 'நெருக்கம்' குறைந்து வருகிறது," என்றார், மரணச் செய்தி வாசிப்பது போல. "காரணம் செல்போன்."

"அதுக்கும் போனுக்கும் என்னங்க சார் சம்பந்தம்?" என்றாள் காத்தாயி.

"ரெண்டு கையும் அதுலயே இருக்குதுங்களேம்மா."

கூட்டம் மெய்சிலிர்த்தது. காத்தாயி அங்கேயே 'கள ஆய்வாளர்' ஆனாள். ஞாயிற்றுக்கிழமை எல்சா வீட்டுக் கதவைத் தட்டினாள். எல்சா இலை பறிக்கிறவள். கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷன் ஜெர்சனுக்கு ஃபேக்டரியில் வேலை.

"ஏன்டி, உங்களுக்குள்ள சண்டையா?"

"சண்டை போடறதுக்கும் எதிர்ல ஆள் வேணுமேக்கா. நான் வேலைக்குப் போன பொறகு அவரு நைட் ஷிப்ட் முடிஞ்சு வருவாரு. நான் வர்றதுக்குள்ள மறுபடி போயிருவாரு."

"இன்னிக்கு லீவாச்சே?"

"எனக்குத்தான் ஞாயிறு. நேத்து நாங்க பறிச்ச இலை தீர்ற வரைக்கும், இன்னிக்கு ராத்திரி வரைக்கும் அவங்க அரைக்கோணும். இன்னிக்கு நாங்க பறிக்காததால அவங்களுக்கு நாளைக்குப் பகல்ல லீவு, அப்ப நான் மேட்டுல இருப்பேன்."

"அப்ப இன்னிக்கு ராத்திரி ஒரே கூரைதானே?"

"அவரு வர்றப்ப நான் தூங்கியிருப்பேன். காலைல நான் கெளம்பறப்ப அவரு தலையோட போத்தியிருப்பாரு. எழுப்ப மனசு வராதுக்கா." எல்சா வெட்கத்தோடு போனைக் காட்டினாள். "முத்தமெல்லாம் இதுலதான் வரும். மஞ்சப் பொம்மையா."

காத்தாயி நொண்டிக்கொண்டே ஆபீசுக்குப் போனாள். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு குடுங்க சார். மிச்சத்த அதுகளே பாத்துக்கும்."

"இலை கெட்டுப்போயிருமேம்மா!" என்று பதறினார் ஆபீசர்.

இலை கெடக்கூடாது, அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆகவே நிர்வாகம் 'தம்பதியர் நெருக்கப் பயிற்சி முகாம்' அறிவித்தது. உற்பத்தி பாதிக்காதபடி பெண்களுக்கு ஞாயிறு, ஆண்களுக்குத் திங்கள். எல்சா ஒரு காலி நாற்காலியைப் பார்த்து, "இன்னிக்கு வேலை எப்படி இருந்துச்சுங்க?" என்று அன்போடு கேட்டாள். மறுநாள் ஜெர்சன் அதே நாற்காலிக்குப் பதில் சொன்னான். இரண்டு பேருக்கும் சான்றிதழ் கிடைத்தது. அவர்கள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நோட்டீஸ் போர்டில் மாட்டினார்கள். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்திருந்தது அங்கேதான்.

பொங்கல் வந்தது. சேதி வரவில்லை. 'இளைஞர்களின் ஆர்வமின்மை காரணமாக' காப்பகம் மூடப்பட்டது. நிர்வாகத்தின் கருணையைச் சொல்லி முடியாது: காத்தாயியை மேட்டுக்கு அனுப்பாமல், ஃபேக்டரியில் நைட் ஷிப்டுக்கு டீ கொண்டுபோகச் சொன்னது. இலை வாட்டுகிற இடம் மேல்மாடியில். மேட்டுக்குப் பதில் படிக்கட்டு.

ஒரு நாள் காலையில் வேலை முடிந்து வந்தவளை, கூடையோடு போய்க்கொண்டிருந்த எல்சா நிறுத்தினாள்.

"யக்கா, தெனமும் அவரைப் பாக்கறியே. புதுசா மீசை வெச்சிருக்காராமே, நேர்ல நல்லா இருக்குதா?"

"எடுப்பாத்தான் இருக்குது. ஒரு நாள் லீவு போட்டு நீயே பாரேன்டி."

"கேட்டேனேக்கா. வெல்ஃபேர் சார் என்ன காரணம்னாரு. வீட்டுக்காரரோட இருக்கோணும்னேன்."

"அதுக்கு?"

"'இதெல்லாம் ஒரு காரணமாம்மா? அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சொல்லு, மூணு நாள் தர்றேன்'னாரு."