மாப்பிள்ளை ஒரு லாட்

"அப்பா, லெயரி எண்டால் குடிவெறியில சத்தம்போட்டுச் சண்டைக்குப் போற ஆள்" என்று மிருணாளினி மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

தேவராஜா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சிட்னியில் அவர்கள் இருக்கும் கிரவீனில் இங்கிலீஷ் தெரிந்தவர் தான் ஒருவரே என்பது அவருடைய எண்ணம். கோயில் நோட்டீசைச் சிவப்புப் பேனையால் திருத்துவார். திருத்திய இடத்தில் புதிதாக இரண்டு பிழை முளைத்திருக்கும். கவுன்சிலுக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதுவார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அவர்கள் ஒரு வரி எழுதுவார்கள்.

இப்போது விசயம் மிருணாளினியின் கல்யாணம். மாப்பிள்ளை கஜீவன் லண்டனில் எஞ்சினியர். வீடியோவில் நாலு தரம் பேசிப் பார்த்துவிட்டு, எனக்குச் சரிவராது என்று அவள் சொன்னாள். காரணம் கேட்டால், மனம் ஒட்டவில்லை என்றாள். அதெல்லாம் ஒரு காரணமா என்று தேவராஜா தள்ளிவிட்டார்.

"அந்தப் பெடியனோட வேலை செய்யிற ஆராவது ஒரு குறை சொல்லட்டும். அண்டைக்கே நிப்பாட்டுறன்."

சொன்னபடி, கூட வேலை செய்யும் பிரதீப்குமார் என்பவனின் நம்பரைக் கஜீவனிடமே வாங்கி, மெசேஜ் அனுப்பி விசாரித்தார். பதில் இங்கிலீஷில் வந்தது: கஜீவன் ஒரு புரொப்பர் லாட், கொஞ்சம் லெயரி, ஃபுட்போல் மச் நாளில் முழு யொப்.

லண்டனில் ஒருவனைப் பற்றி இந்த மூன்றையும் சொன்னால், பெண் கொடுக்க வந்தவர்கள் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். கூட்டமாய்க் குடித்துத் திரிகிறவன், வம்புக்கு இழுக்கிறவன், சுத்தக் காவாலி என்று படிப்படியாக ஏறுகிற சொற்கள். தேவராஜா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த அகராதியைப் பிரித்தார். லாட் என்றால் பையன். லெயரி அதில் இல்லை. பக்கத்தில் லெயர் இருந்தது, குகை என்று. ஆகவே பெடியன் வீட்டைவிட்டு வெளியே போகாதவன். யொப் என்பது, பையனுக்கான இங்கிலீஷ் சொல்லின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போட்டது என்று முதல் வரியில் எழுதியிருந்தது. இரண்டாம் வரியை அவர் படிக்கவில்லை.

"பெடியன் எண்டு நேராயும் எழுதியிருக்கு, திருப்பியும் எழுதியிருக்கு. அவ்வளவு நல்லவர்" என்று மனைவி சிவகௌரிக்கு விளக்கினார்.

மிருணாளினி ஃபோனில் கருத்தைத் தேடி நீட்டினாள்.

"அது ஒஸ்ரேலியாக் கருத்து, பிள்ளை. இது லண்டனில இருந்து வந்தது. மகாராணியின்ர இங்கிலீஷ்."

மகாராணி காலமான செய்தி அவருடைய இங்கிலீஷை இன்னும் எட்டவில்லை. அன்றைக்கே கஜீவனின் தகப்பன் அருந்தவனுக்குச் சம்மதம் சொல்லி, டிசம்பரில் நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்தார்.

மறுநாள் பிரதீப்குமார், கேட்காமலே இன்னொன்று அனுப்பினான். சனிக்கிழமைகளில் கஜீவன் லெக்லெஸ். நிற்கமாட்டாத குடிவெறியை வெள்ளைக்காரர் அப்படிச் சொல்வார்கள். தேவராஜா மறுபடி அகராதியை எடுத்தார். அகராதியில் சந்தேகத்துக்கே இடமில்லை: காலில்லாதவன். வீடியோவில் பெடியனை இடுப்புக்கு மேலேதான் பார்த்திருந்தார்கள். வேலைநாட்களில் பொய்க்கால் போட்டுச் சமாளித்து, சனிக்கிழமை கழற்றி வைக்கிறான் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து லண்டனுக்கு ஃபோன் எடுத்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. தம்பிக்குச் சனிக்கிழமையில கால் இல்லையோ?"

அருந்தவன், மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்களே எண்ணிப் பாருங்கள் என்று சொல்லி ஃபோனை வைத்தார். டிசம்பரில் வரவேண்டியவர்கள் மூன்றே வாரத்தில் சிட்னியில் வந்து இறங்கினார்கள். மிருணாளினி குசினிக்குள் நின்று அழுதாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று தேவராஜா விளங்கிக்கொண்டார். அவருடைய தமிழும் அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. கஜீவனுக்கு இரண்டு காலும் இருந்தன. இரண்டாலும் மெதுவாக நடந்து வந்து கதிரையில் இருந்து, கொடுத்த தேத்தண்ணியை ஓசைப்படாமல் குடித்தான். தேவராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அழைத்திருந்த இருபது பேருக்கு முன்னால் எழுந்து நின்று, ஃபோனைத் தூரப் பிடித்து வாசித்தார்.

"எங்கட மாப்பிள்ளை ஒரு லாட். ஒரு லெயரி. ஒரு யொப். கூட வேலை செய்யிற பிரதீப்குமார் எழுத்தில தந்தது."

இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முப்பது வருசம் லண்டனில் இருந்த அருந்தவனுக்கு முகம் கறுத்துப்போனது.

"என்ர பிள்ளை பியரே குடிக்கமாட்டான். ஆர் அந்தப் பிரதீப்குமார்? இப்பவே அவனுக்கு அடியுங்கோ, நான் கதைக்கிறன்."

தேவராஜா அந்த நம்பரை அழுத்தினார். கஜீவனின் சட்டைப்பைக்குள் ஃபோன் அடித்தது.

அவன் அதை நிறுத்திவிட்டுக் குசினி வாசலில் நின்ற மிருணாளினியைப் பார்த்தான். அவள், சொல்லு என்று தலையை ஆட்டினாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள். ரெண்டு பேருக்கும் விருப்பமில்லை. அப்பாவுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும், இந்தச் சொல்லுகளை ஒருக்கா வாசிச்சாலே நிப்பாட்டிப்போடுவார் எண்டு சொல்லி எழுதித் தந்தது உங்கட மகள்தான்."