நாற்பது சஹனும் குன்றின் மேல் ராடரும்

கிண்ணியா
27.10.1975

அன்புள்ள பாயிஸ் காக்காவுக்கு,

தங்கை லைலா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே வாப்பா, உம்மா, புதுப்பெண் ராத்தா, ஆடு, நான் எல்லோரும் சுகம். அங்கே பேராதனையில் உங்கள் பரீட்சையும் வயிறும் நலமாயிருக்கத் துஆச் செய்கிறோம். ராத்தாவின் கலியாணத்துக்கு வரக் கிடைக்காத உங்களுக்கு, நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல், முழு உண்மையாக எழுதப் போகிறேன். கூட்டிச் சொல்வதற்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வருகிற தை மாதத்திலிருந்து திருகோணமலைக்குப் போய் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்று நான் கேட்டது உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளை தினமும் துறை கடந்து போய்ப் படித்து எந்தக் கப்பலை ஓட்டப் போகிறாள் என்று அபூதாஹிர் மாமா மறித்தார். வாப்பா “பாப்பம்” என்றார். எனக்குச் சைக்கிள் வாங்குவதற்கும் “பாப்பம்” என்றுதான் சொன்னவர். மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த நிலையில்தான் நீங்கள் அனுப்பிய புத்தகத்தில் ராடர் பாடத்தை வாசித்தேன். துறைமுகத்துக்கு மேலே குன்றில் கடற்படைக்காரர் பூட்டியிருக்கிறார்களே, ஓயாமல் சுற்றும் இரும்புத் தட்டி, அது சும்மா சுற்றவில்லை காக்கா. அது அனுப்பும் அலை பல மைல் தூரம் போய்க் கப்பலில் பட்டுத் திரும்பி வருகிறது; களவாக மீன் பிடிக்க வரும் பிறநாட்டுக் கப்பலும் தெரியும், தத்தளிக்கும் கப்பலும் தெரியும். ஆனால் மர வள்ளம் அதற்குச் சரியாகத் தெரியாது, உலோகம்தான் நன்றாகத் தெரியும். இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். “அப்ப உன்ட வாப்பாவுக்குத் தகரத்தில சட்டை தைச்சுக் குடு,” என்றார் மாமா. உம்மாகூடச் சிரித்தார்.

சனிக்கிழமை காலை, பள்ளிவாசல் சஹன்கள் எல்லாம் வேறொரு கலியாணத்துக்குப் போய்விட்டது தெரியவந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ண ஒரு சஹன், அந்தப் பெரிய தட்டு, வேண்டும். சஹன் வைக்காமல் ஆளுக்கொரு சின்னக் கோப்பையில் சோறு கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறைக்குக் கதைப்பார்கள் என்று உம்மா அழத் தொடங்கினார். அதனால் வாப்பா, கட்டைபறிச்சான் ஊர் யோகலிங்கம் அண்ணனின் எஞ்சின் வள்ளத்தில் மூதூருக்குப் போய் நாற்பது அலுமினியச் சஹன் இரவல் வாங்கிவரப் புறப்பட்டார். நான் துறைவரை ஓடிப்போய், சஹன்களைக் கவிழ்த்து அடுக்காமல் ராடருக்குத் தெரியும்படி குன்றைப் பார்த்து நிமிர்த்தி வையுங்கள் என்றேன். “இது சோறு திங்கிற சஹன் மகள், முகம் பாக்கிற கண்ணாடியில்ல,” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி வைக்கிறன் என்றார்.

மத்தியானம் லுஹருக்குப் பிறகு வானம் கறுத்தது. காற்றும் மழையும் சேர்ந்து வந்ததில் கொட்டியாற்று விரிகுடா இருந்த இடமே தெரியவில்லை. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லியும் வள்ளம் வரவில்லை. உம்மா அழுகையை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பயமாயிருந்தது. சஹனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ராத்தா மருதோன்றி வைத்த கைகளை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு அழுதார், கண்ணைத் துடைக்க ஏலாது, நான்தான் துடைத்துவிட்டேன். பிறகு துறைக்கு ஓடினேன். மாமா அங்கே குடையைக் கையில் வைத்துக்கொண்டு விரிக்க மறந்து நனைந்தபடி நின்றார்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன்பு, கடற்படைப் படகு ஒன்று வள்ளத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நடுவழியில் எஞ்சின் நின்று, வள்ளம் விரிகுடா வாயைத் தாண்டி வெளிக்கடலுக்கு இழுபட்டுப் போயிருக்கிறது. அந்த மழைக்குள் கடற்படைப் படகு நேராக அவர்களிடமே வந்திருக்கிறது. ‘நேராக’ என்பதைக் கவனியுங்கள் காக்கா. கள்ளச் சாமான் என்று நினைத்து, மூடியிருந்த படங்கைத் தூக்கிய அதிகாரி, சஹன்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவுக்கும் என்ன சமையல் என்று கேட்டாராம். வாப்பா அங்கேயே அவர்களையும் விருந்துக்கு அழைத்துவிட்டார்.

கரையில் கால் வைத்ததும் வாப்பா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “ராடர்லதான் கண்டிருக்கிறாங்க. புள்ள சொன்ன மாதிரி சஹன நிமித்தி வெச்சன், உசிரோட வந்து சேந்தன். என்ட மகள் தை மாசம் டவுனுக்குப் போய்ப் படிக்கும்.”

மாமா அப்போதுதான் குடையை விரித்தார். மழை விட்டிருந்தது.

நேற்று விருந்தில் கடற்படைக்காரர் ஆறு பேர் வெள்ளைக் காற்சட்டையோடு, பாயில் கால் மடக்க ஏலாமல், ஒரு சஹனைச் சுற்றி இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு சஹன்கள் கடல் அடித்த அடியில் ஒடுங்கிப் போயிருந்தன. மாமாவின் சஹனில் பள்ளம் அவர் பக்கமாக விழுந்ததால் இறைச்சியெல்லாம் அவரிடமே உருண்டு வந்தது. இதை மட்டும் அவர் மறிக்கவில்லை. ராடரில் எங்கள் வள்ளம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் வாப்பாவைப் பார்த்தார். வாப்பாவுக்கு இருமல் வந்தது. “பெரிய கப்பல் மாதிரி, நங்கி,” என்று சிங்களத்தில் தங்கையென அழைத்துச் சொன்னார் அதிகாரி.

உங்கள் விடைத்தாளைத் திருத்துகிறவர்களின் மனதில் அல்லாஹ் இரக்கத்தைப் போடுவானாக. ராத்தா ஸலாம் சொல்கிறார். புது மச்சான் இன்னும் வெட்கப்படுவதால் அவருடைய ஸலாமையும் நானே எழுதிவிடுகிறேன்.

அன்புத் தங்கை,
லைலா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம், சஹன்களைத் திருப்பிக் கொண்டுபோக யோகலிங்கம் அண்ணன் வந்தார். ஒடுங்கின சஹனைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே, கடல் நன்றாகத்தான் அடித்திருக்கிறது என்றேன்.

“கடல் எங்க பிள்ளை அடிச்சது? நானும் உங்கட வாப்பாவும் துடுப்பால அடிச்சனாங்கள், ஒரு மணித்தியாலம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே நேவிக்காரர் வந்தவை.”

பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் விடாமல் கேட்டதும் மிச்சத்தையும் சொன்னார். இடி விழுந்து குன்றில் மின்சாரம் நின்றுபோனதாகவும், ராடர் சுற்றவேயில்லை என்றும் அந்த அதிகாரி படகிலேயே சொல்லிவிட்டாராம். கரை வருமுன்பே வாப்பா எல்லோரிடமும், பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

உண்மை எழுதுவதாகச் சொன்னதால் எழுதிவிட்டேன். மாமாவுக்கு எழுதிவிடாதீர்கள். எனக்குத் தெரியும் என்பது வாப்பாவுக்கும் தெரிய வேண்டாம். தை மாதம் நான் நன்றாகப் படிப்பேன். இன்னும் ஒன்று, சந்தோஷத்தில் மேலே எழுதத் தவறிவிட்டேன். சனிக்கிழமை மழை விட்ட பிறகு துறையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் குன்றைத்தான். அங்கே ஒரு விளக்கும் எரியவில்லை.