ஆதிமூலம் சேவ் பண்ணவில்லை

இந்தப் பௌர்ணமிக்கு மச்சான் குடும்பம் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று ஆதிமூலம் முடிவே கட்டிவிட்டார். மாதா மாதம் இதே கூத்து. கீழ்பென்னாத்தூரிலிருந்து மச்சான் சுரேஷ்குமார் வேன் நிறைய சனத்தோடு வருவார். மலையைச் சுற்றிவிட்டு, வேங்கிக்காலில் தங்கச்சி வீட்டில் காலை நீட்டுவார். கட்டிலைப் பறிகொடுத்த ஆதிமூலம் மொட்டை மாடியில் கொசுவோடு மல்லுக்கட்டுவார். ஒரு பௌர்ணமியாவது மனுஷன் நிம்மதியாகத் தூங்க வேண்டாமா?

கலெக்டர் ஆபீஸ் கிளார்க் அல்லவா, டிராஃப்ட் போடாமல் கை ஓடாது. லேப்டாப்பில் நோட்பேடைத் திறந்து தட்டினார். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், எங்கும் ஒரே நாற்றம், படுக்க இடமில்லை மச்சான். அடடா, என்ன நடை! சேவ் மட்டும் பண்ணவில்லை. பண்ணினால் ஃபைலுக்குப் பேர் வைக்கணும். பேர் வைத்தால் அருணாதேவி கண்ணில் படும். அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பெண்டாட்டி மேல் அவருக்கு உயிர். பயமும் அதே அளவு.

அந்த லேப்டாப்புக்கு பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, ஒயரில்தான் ஓடும். கடைசி வரி பாதியில் இருக்கும்போது பட்டென்று திரை இருண்டது.

"ஐயையோ! யாரு ஒயரைப் புடுங்கினது?"

"நான்தாங்க. மிக்ஸி போடணும். முக்கியமான வேலையா?"

"ஆ... ஆபீஸ் வேலை. எல்லாம் போச்சு!"

"சேவ் பண்ணலையா?"

"மறந்துட்டேன்."

"ஐயோ பாவம், மூஞ்சியே வாடிப்போச்சு. இந்தாங்க காபி. நான் எடுத்துத் தர்றேன்."

"வேணாம் அருணா! போனது போகட்டும்!"

"சும்மா இருங்க. திடீர்னு அணைஞ்சாலும் அழியாத மாதிரி நான் அப்பவே செட் பண்ணி வெச்சிருக்கேன். உங்க உழைப்பை வீணாப் போக விடுவேனா?"

ஒயரைச் சொருகி லேப்டாப்பைப் போட்டாள். ஒரு எழுத்து குறையாமல் அத்தனையும் திரையில் வந்து நின்றது. அருணாதேவி நிதானமாகப் படித்தாள். ஏதோ தட்டினாள். போனை எடுத்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு.

"நல்லா எழுதியிருக்கீங்க. அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டியா! கோவம் இல்லையே?"

"உங்க மேல எனக்கு என்னங்க கோவம்?"

தங்கமான பெண்டாட்டி! ஆதிமூலத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "மச்சான் என்ன சொன்னாரு?"

"'ஆகவே இந்த மாதம்'னு பாதியில நின்னிருந்துச்சு. 'குடும்பத்தோட முன்னாடியே வந்து ஒத்தாசை பண்ணுங்க'னு நான் முடிச்சேன். ஏணியை வேன்ல ஏத்திட்டாராம். பெயிண்ட் முடியுற வரைக்கும் இங்கயேதான் தங்குறாங்க."