முதலில் படிவம், பிறகுதான் பல்

“ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறேன்னு எழுதறீங்களே, ஒரு வேளை தேய்க்க வைக்கவே நான் ரெண்டு தடவை கத்த வேண்டியிருக்கு.”

“மெதுவா பேசு. ஆஸ்பத்திரி இது.”

“அதனாலதான் சொல்றேன். இங்கயாவது உண்மையை எழுதுங்க.”

எங்கள் எதிர்வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும்தான். உலகத்து மரியாதை முழுவதும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது என்றால், அது எங்கள் தெருமுனைப் பல் மருத்துவமனையில்தான் என்று அடித்துச் சொல்வேன். அதை நேரில் காண நானும் துணைக்குப் போயிருந்தேன். எனக்குப் பல்வலி கிடையாது. அடுத்தவர் பல்வலியைப் பார்க்காவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வராது.

தையல்காரரின் வாயில் வலப்பக்கம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கடைவாய்ப்பல். அதுவும் ஆட ஆரம்பித்திருந்தது. எப்படியாவது அதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்பதே மனிதரின் கவலை.

புது நோயாளிகள் கவனிக்க: அங்கே போனதும் வாயைத் திறப்பது அநாகரிகம். முதலில் ‘வரவேற்புப் படிவம்’. நாற்பத்தொரு கேள்விகள். பிடித்த நிறம், பிடித்த இசை, கடைசியாக மனம்விட்டுச் சிரித்த தேதி எல்லாம் உண்டு. கணவன் பதிலும் மனைவி பதிலும் ஒத்துப்போகாததால், வரவேற்பறைப் பெண் அந்தப் படிவத்தைச் ‘சர்ச்சைக்குரியது’ என்று ஓரமாக வைத்துவிட்டு, புதுப் படிவம் ஒன்றையும் அடுத்த செவ்வாய்க்கிழமையையும் கொடுத்தாள்.

அடுத்த செவ்வாய் மனைவி வாயைத் திறக்காததால் படிவம் தேறியது. உடனே ‘புன்னகை ஆலோசனை’. சுவரில் இருந்த திரையில் முப்பத்திரண்டு பற்கள் கைகோத்து ஆடின. பந்து போல வீங்கிய கன்னத்தைத் தையல்காரர் தொட்டுக் காட்டினார்.

“அம்மா, இந்தப் பல்லு...”

“அது மூணாவது கட்டம் சார். நாம இன்னும் வரவேற்புலதான் இருக்கோம்.”

அவர் அடங்கி உட்கார்ந்தார். ஒரு சட்டைக்கு எத்தனை பேரை எத்தனை வாரம் அலையவிட்டவர் என்பது எனக்குத் தெரியும். எதிர்த்துப் பேச அவருக்கு ஏது வாய்?

மூன்றாவது செவ்வாய், ‘சிகிச்சைக்கு முன்’ புகைப்படம். பல்லை நன்றாகக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும் என்பது விதி. விதிக்குக் கட்டுப்பட்டுக் கடித்தார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். பல் கைக்கு வந்துவிட்டது. படம் அருமையாக விழுந்திருந்தது.

சத்தம் கேட்டு, மூன்று செவ்வாயாக மூடியே கிடந்த கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். பல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காப்பாத்தியிருக்கலாமே. ஏன் சார் இவ்வளவு லேட்டா வந்தீங்க?”

அதற்குத் தையல்காரரின் மனைவி சொன்ன பதிலை என்னால் எழுத முடியாது. தெரு முழுக்கச் சொல்லத்தான் முடிந்தது.

பிறகு டாக்டரும் அந்த வரவேற்பறைப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள். எத்தனை கட்டமாகக் காதலித்தார்களோ, நான் விசாரித்தவரை தெரியவில்லை. தையல்காரர் குடும்பம் மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டது. அங்கே இடப்பக்கப் பல் வலித்து, ஒற்றை அறை வைத்திருக்கும் ஒரு பல் டாக்டரிடம் போனார்களாம். நாற்காலியில் உட்கார்ந்த உடனே அந்த டாக்டர், “எங்க வலிக்குது?” என்றாராம்.

தையல்காரர் அழுதுவிட்டாராம். வலியால் இல்லை. அவரிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.