கோகிலாவை இளைக்க வைக்கும் திட்டம்

பெண்டாட்டியை இளைக்க வைத்தே தீருவது என்று அருப்புக்கோட்டை நூல் வியாபாரி ஐயாத்துரை முடிவு கட்டினார். அவர் சரியான ஒல்லி. கல்யாணச் சட்டை இன்றைக்கும் அவருக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும். ஒல்லி உடம்புக்குச் சர்க்கரை நோய் வராது என்பது அவர் கட்சி. கோகிலாம்பாளோ நல்ல கனத்த உடம்புக்காரி. ஆகவே நோய் அவளுக்குத்தான் வர வேண்டும். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"நாளையிலருந்து உனக்குச் சோறு கிடையாது, கோகிலா!"

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்ன? நான் சீனியத் தொட்டே வருசக்கணக்காச்சு. கருப்பட்டிக் காப்பிதான குடிக்கேன்!"

"பொழுதன்னைக்கும் குடிக்கிறீக. அதுவும் இனிப்புதானங்க?"

"அடப் போடி, கருப்பட்டி மருந்து! பனை மரத்துலருந்து வாரது."

"சீனி என்ன ஆகாசத்துலருந்தா வருது? அதுவும் கரும்புலருந்துதான வருது."

"குதர்க்கம் பேசாத!"

பதில் கிடைக்காத இடத்திலெல்லாம் அவர் இந்தச் சொல்லைத்தான் போடுவார்.

கொஞ்ச நாளாகக் கடையில் அவருக்குப் பாதம் எரிந்தது. ராத்திரி நாலு தடவை எழுந்து கொல்லைப் பக்கம் போனார். "ஒரு டெஸ்டு எடுத்துப் பாப்பமா?" என்று கோகிலாம்பாள் கெஞ்சியபோது, "ஊதுனா பறக்கிற ஆளுக்குச் சுகராம்!" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதோடு அவள் கெஞ்சுவதை விட்டுவிட்டாள்.

சோற்றுத் தடை அறிவித்த மறுநாள் அவளே தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, தலை கிறுகிறுங்குது. ரத்தம் பாக்கணும் போல."

"நான் சொல்லல?" ஐயாத்துரைக்கு வாயெல்லாம் பல்.

"ஊசின்னாலே எனக்குப் பயம். நீங்க மொதல்ல கைய நீட்டுங்க, பாத்துட்டு நானும் நீட்டுறேன். வெறும் வயித்தோட போகணுமாம். நீங்களும் சாப்பிடாம வந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

கட்டினவளுக்காக அன்று காலைக் கருப்பட்டிக் காப்பியையே அவர் தியாகம் செய்தார். லேசான தியாகமில்லை அது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தீபலட்சுமி என்ற பெண் ஊசியோடு வந்தாள். ஐயாத்துரை கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். "பாத்தியா, எறும்புக்கடிதான்!" என்று மனைவிக்குத் தைரியம் சொன்னார். "ம், இனி இவளுக்கு எடும்மா."

"அக்காவுக்கா? போன மாசமே எடுத்தாச்சே, சார். எல்லாமே நல்லா இருந்துச்சு. தினமும் காலையில நடக்குறாகள்ல! இன்னைக்கு உங்க பேரத்தான் சொல்லி வச்சிருக்காக."

ஐயாத்துரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். கோகிலாம்பாள் சுவரில் தொங்கிய காலண்டரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. சர்க்கரை எகிறிக் கிடந்தது.

"ஒல்லியா இருந்தா வராதுன்னு யாரு சொன்னது?" என்றார் டாக்டர். "கருப்பட்டியும் சீனிக் கணக்குதான். நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. இன்னும் விட்டிருந்தா காலுக்கே ஆபத்து. மாத்திரை தாரேன். அம்மாகூட நீங்களும் நடங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஐயாத்துரைக்கு ஏமாற்றிவிட்டாளே என்ற கோபம் தேடியும் கிடைக்கவில்லை. இப்படியொருத்தி வாய்க்கத் தான் என்ன புண்ணியம் செய்தோம் என்றுதான் தோன்றியது.

மறுநாள் விடியலில் பந்தல்குடி ரோட்டில் அவள் முன்னே நடந்தாள். இவர் பின்னாலேயே போனார். கண் கலங்கிவிட்டது.

"கோகிலா, நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்னாயிருக்கும்! இன்னும் ஏழு ஜென்மத்துக்கும் நான் உனக்கு…"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இம்புட்டுப் பேச மூச்சு மிச்சமிருக்கா? அப்ப நடை பத்தல. வெரசா வாங்க!"